பின்னால் வந்த இரண்டு விசில்

நான் கதை விடவில்லை. இது கதையாக இருந்திருந்தால் என் அண்ணன் இந்நேரம் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான். வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். லைட்டை அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன ஜனவரி. தரையெல்லாம் வெண்பனி மூடி, ஆறு உறைந்து கிடந்தது. ஊருக்கு வெளியே ஆற்றோரமாக நடக்கப் போகும் குழு ஒன்றில் நானும் அண்ணனும் சேர்ந்திருந்தோம். மொத்தம் ஒன்பது பேர். வழியில் மூன்று பழைய தேவாலயங்கள், நடுவே இரண்டு கல் பாலங்கள். குழுவை நடத்தியவர் பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர். அதனால் எங்களுக்கும் அவர் கண்டக்டர்தான். பழக்கதோஷம், இங்கேயும் விசில் வைத்திருந்தார். ஒவ்வொரு தேவாலயத்தையும் பாலத்தையும் தாண்டியதும், முன்னால் போகும் அவர் நீளமாக ஒரு விசில் அடிப்பார். வரிசையில் கடைசி ஆள் பதிலுக்கு இரண்டு அடிக்க வேண்டும். எல்லோரும் வந்தாச்சு, போகலாம் என்று அர்த்தம். பதில் வரவில்லையென்றால் மொத்தக் கூட்டமும் திரும்பி நடக்கும். அதுதான் சட்டம்.

அன்றைக்குக் கடைசி ஆள் என் அண்ணன். ஆரஞ்சு கோட்டு, கழுத்தில் விசில். அவனுக்கு முன்னால் நான். எனக்கு முன்னால், எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் டெய்லர் அக்கா.

முதல் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. கதவில் சாவித் துவாரம் பெரிதாக இருந்தது. அண்ணனுக்குக் கை சும்மா இருக்குமா? துவாரத்தில் விசிலை வைத்து ஒரு ஊது ஊதினான்.

உள்ளேயிருந்து இரண்டு விசில் வந்தது.

"பாருடி, உள்ள ஒருத்தன் டூட்டில இருக்கான்!" என்று சிரித்தான்.

"எதிரொலிடா லூசு," என்றேன்.

கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, விசிலை விளையாட்டுக்கு ஊதாத."

மதியம் மூன்று பத்துக்கு முதல் பாலம். மூடுபனி இறங்கிவிட்டது. பாலத்தில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரே இல்லை. கல்லெல்லாம் வழுக்கியது.

"வாத்து, பாத்து நடடி. நீ விழுந்தா ஆத்து ஐஸ் தாங்காது."

"நீ விழுந்தா நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன், போடா."

"பாக்காத. செத்தும் உன் மூஞ்சியையா பாக்கணும்?"

அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

நான் பாலத்தைத் தாண்டினேன். கண்டக்டரின் நீள விசில் கேட்டது. பின்னாலிருந்து உடனே இரண்டு.

"ரைட், போலாம்!" என்றார் கண்டக்டர்.

அதற்குப் பிறகு அண்ணன் வாயே திறக்கவில்லை. பனியில் காலடிச் சத்தம் மட்டும். சரக்... சரக்... நான் நின்றால் அதுவும் நின்றது.

"என்னடா, மௌன விரதமா?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். பத்தடி தள்ளி மூடுபனிக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அசையாமல் நின்றது. கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

மூன்று ஐம்பத்தைந்து. இரண்டாவது தேவாலயம். கண்டக்டர் ஊத ஆரம்பித்தார். அவர் ஊதி முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது.

"அவசரப்படாத தம்பி!"

நான் மறுபடியும் திரும்பினேன். இப்போது ஐந்தடிதான். எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் குளிரில் புகை வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்து வரவில்லை.

"அக்கா... அண்ணன் மூச்சே விடல."

டெய்லர் அக்கா திரும்பிப் பார்த்தாள். "மஃப்ளரை மூஞ்சில சுத்தியிருப்பான். நட கண்ணு, இருட்டுது."

அண்ணனிடம் மஃப்ளர் கிடையாது.

நான் முன்னால் ஓடினேன். "கண்டக்டர், ஒரு தடவை திரும்பிப் போய்ப் பாக்கலாம்."

"பதில் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு..."

"அப்புறம் என்ன பாப்பா? போய் உன் இடத்துல நில்லு."

நின்றேன். வேறு என்ன செய்ய?

நான்கு முப்பது. இரண்டாவது பாலம். நீள விசில்.

இரண்டு விசில்... என் காதுக்குள்.

என் கழுத்தில் மூச்சுக் காற்று படவில்லை.

நான் திரும்பவில்லை.

சரக்... சரக்...

கடைசித் தேவாலயத்தின் வாசலில் விளக்கு எரிந்தது. வேன் நின்றது. ஓடிப்போய் வெளிச்சத்தில் நின்ற பிறகுதான் திரும்பினேன். மற்றவர்கள் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்கள். என்னோடு எட்டுப் பேர்.

கண்டக்டர் விசில் அடித்தார். இருட்டுக்குள்ளிருந்து இரண்டு.

"வா தம்பி!"

யாரும் வரவில்லை.

மறுபடி அடித்தார். மறுபடி இரண்டு.

டார்ச்சைப் பாதையில் அடித்தார். பனியில் எங்கள் தடங்கள் இருந்தன. கடைசியாக என் தடம்.

அதற்குப் பின்னால்... ஒன்றும் இல்லை.

ஏழு இருபதுக்குத் தீயணைப்பு ஆட்கள் அண்ணனைக் கண்டுபிடித்தார்கள். முதல் பாலத்துக்குக் கீழே, ஆற்றங்கரையில். கோட்டு உடம்பில்தான் இருந்தது. இரண்டு காலும் உடைந்திருந்தன. விசில் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா, போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டரைப் பிடித்துக்கொண்டு கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

"கத்தியிருந்தா கேட்டிருக்குமே டாக்டர். கொஞ்ச தூரத்துல அவன் தங்கச்சி நடந்துட்டிருந்தா. ஏன் கத்தல?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"வாய் நிறைய பனி இருந்துச்சு சார். விழுந்தப்ப போனதில்ல. விரலால அழுத்தி அடைச்சிருக்கு."

"வாய்ச் சூட்டுக்கு உருகியிருக்குமே..."

"உருகியிருக்கு. அடுக்கு அடுக்கா இருந்துச்சு. உருக உருக, மேல புதுசு வச்சு அடைச்சிட்டே இருந்திருக்காங்க."

அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மூக்கை மட்டும் தொடல சார்," என்றார் டாக்டர். "அதனாலதான்... ஆறு மணி வரைக்கும் உயிர் இருந்திருக்கு."