நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் வில்லை

சித்தப்பா சேர்த்த பழைய போலீஸ் வில்லைகள், அந்தக் காலத்துப் போலீஸ்காரர்கள் சட்டையில் குத்தியிருந்த பித்தளை நம்பர் வில்லைகள், இப்போது என்னிடம் இருக்கின்றன. மொத்தம் அறுபத்து மூன்று. யாராவது வந்து பார்த்துவிட்டுக் கிளம்பினால் உடனே எண்ணிவிடுவேன். சென்ற வாரம் பேத்தியின் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் இரண்டு முறை எண்ணியாயிற்று. சித்தப்பா எண்ணவே மாட்டார். எது எங்கே இருக்கிறதென்று அவர் விரலுக்குத் தெரியும்.

தென்காசியில் அவருக்குப் பாத்திரக்கடை. பழைய பித்தளையைப் போட்டுவிட்டுப் புதுக் குடம் வாங்கிப் போகச் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒடுங்கிய செம்பும் உடைந்த விளக்குமாக வரும் அந்தக் குவியலில் எப்போதாவது ஒரு போலீஸ்காரரின் வில்லையும் கிடக்கும். உருக்கப் போவதற்குள் அதைப் பொறுக்கியெடுத்து, சிவப்பு வெல்வெட் ஒட்டிய பலகையில் குத்திவைப்பார். கடையம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி என்று வரிசையாக இருக்கும். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்துச் சங்கு முத்திரை ஒன்றும் உண்டு. எதையும் புளி போட்டுத் துலக்க விடமாட்டார். ஒருத்தன் வேர்வை பட்டு வந்த நிறம் போய்விட்டால் அப்புறம் அது வெறும் பித்தளை என்பார். உலகத்தில் இவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது வயது.

சாரல் பிடித்திருந்த ஒரு நாள், கடையத்து ஏட்டு ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு, குடம் ஒன்று பார்க்க ஏறியவர், பலகையில் 412-ஐக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அது தம்முடைய நம்பர் என்றார். கையில் வாங்காமலே அடையாளமும் சொன்னார். நாலின் காலில் ஒரு கீறல் இருக்கும், பின்பக்கக் கொக்கி ஈயம் வைத்துப் பற்றவைத்தது. சித்தப்பா கழற்றிப் பார்த்தார். இரண்டும் இருந்தன.

ஒரு போலீஸ்காரர் போனால் அதே நம்பரும் அதே வில்லையும் அடுத்து வருகிறவருக்குப் போய்விடுமாம். இவருக்கு முன்னால் அதைப் போட்டிருந்தவர், அருவியில் வெள்ளம் வந்தபோது குளித்துக்கொண்டிருந்தவர்களைக் கரையேற்றப் போய்த் தானே அடித்துச் செல்லப்பட்டவர். மறுநாள் உடலை எடுத்தபோது சட்டையில் வில்லை அப்படியே இருந்தது. அந்தக் கீறல் பாறையில் உரசி விழுந்தது. பிறகு புது மாதிரி வில்லைகள் வரவும், பழையதையெல்லாம் திரும்ப வாங்கி ஏலத்தில் விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் வேலை பார்த்ததற்கு வீட்டில் காட்ட ஒன்றுமில்லை, தாத்தா போலீஸ் என்றால் பேரன் சிரிக்கிறான் என்று ஏட்டு குறைப்பட்டார். சித்தப்பா அதுவரை யாருக்கும் ஒரு வில்லைகூடக் கொடுத்ததில்லை. வெள்ளிக்கிழமை பேரனைக் கூட்டிவரச் சொன்னார். அவன் கண் முன்னாலேயே கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த வெள்ளிக்கிழமை, ஏட்டுக்கு முன்னால் சுரண்டையிலிருந்து ஒரு அக்கா வந்துவிட்டாள். மகள் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்தவள் பாத்திரங்களைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எங்கம்மா, என்னப் பெத்த ஐயா பேரச் சொல்லமாட்டா, அண்ணாச்சி. யாரு கேட்டாலும் நானூத்திப் பன்னெண்டும்பா. கொஞ்ச நேரம் இத கையில வச்சிக்கிடட்டுமா?"

சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். அது இன்னொருவருக்குச் சொல்லியாயிற்று என்பதையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் அதற்குச் சரி என்றுதான் சொன்னாள். அப்போதுதான் ஏட்டு பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். சித்தப்பா விஷயத்தைச் சொல்லக் கேட்டதும், ஏட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"ஒங்க ஐயா அருவியில போனவராம்மா?"

"ஆமா. எனக்கு ரெண்டு வயசாம். ஒரு போட்டோகூட கெடையாது."

ஏட்டு வில்லையை வாங்கினார். நாலின் மேல் பெருவிரலை வைத்து ஒருமுறை தேய்த்தார். பிறகு அவளிடமே கொடுத்துவிட்டார்.

"இது என்னது இல்ல அண்ணாச்சி. என் நம்பரு வேற. வயசாயிட்டுல்லா, கொழம்பிட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "கீறல் இருக்கும்னு நீங்கதான சொன்னீய?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏலே, போயி டீ சொல்லிட்டு வா" என்றார் சித்தப்பா.

பேரனும் என் கூடவே வந்தான். "நான்தான் சொன்னேம்லா, எங்க தாத்தா சும்மா அளப்பாருலே" என்றான். சொந்த நம்பரையே மறந்துவிட்ட கிழவர் எப்படிப் போலீஸாக இருந்திருக்க முடியும் என்று எனக்கும் பட்டது. டீக்கடை வரை சேர்ந்து சிரித்துக்கொண்டே போனோம்.

டீ குடித்து முடித்ததும் சித்தப்பா புதுக் குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்து, அதில் வில்லையை வைத்து மூடி, கல்யாணப் பாத்திரங்களோடு அந்த அக்காவிடம் கொடுத்தார். அவள் சிமிழை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஏட்டு எழுந்து நின்றார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டார். குதிகால்களைச் சேர்த்து, வாசலைப் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் காலி டம்ளர்களோடு நான்தான் நின்றுகொண்டிருந்தேன். டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பதிலுக்கு நானும் அவருக்கு ஒரு சல்யூட் அடித்தேன்.