வெள்ளிக் கதவில் படிந்த சிவப்பு

கார் படங்களைத் திருத்தி, விற்பனை விளம்பரம் போட்டுக் கொடுப்பது என் வேலை. மலேசியாவின் போர்ட் கிள்ளானிலிருந்து ஓர் அங்கிள் இன்று காலை ஒரு படம் அனுப்பியிருந்தார்.

வெள்ளி நிறக் கார். ஒரு கதவில் மட்டும் சிவப்பு படிந்திருந்தது. பளபளப்பான கதவு, எதிரில் இருப்பதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். மறுபடி பெயிண்ட் அடித்த கதவு என்று வாங்குபவர்கள் சந்தேகப்படுவார்கள். சிவப்பை நீக்கி அனுப்பினேன்.

உடனே அழைத்தார்.

"கதவுல இருந்த சிவப்பு எங்கம்மா?"

"எடுத்துட்டேன் அங்கிள். இப்போ கிளீனா இருக்குல்ல?"

"கிளீனாத்தான் இருக்கு லா."

பிறகு அவரே சொன்னார்.

"விக்கலாம்னு போன வருஷம் என் வைஃப்தான் அந்தப் படத்த எடுத்தா. கதவுல விழுந்தது அவ சேலையோட நிறம். எப்பவும் அவதான் எடுப்பா, எந்தப் படத்துலயும் இருக்கமாட்டா. போன மாசம் தவறிட்டா."

"மன்னிச்சிருங்க அங்கிள். பழையபடி மாத்திடவா?"

"வேணாம்மா. இதையே போடு. காரு விக்கணுமில்ல."

போட்டேன். மதியமே ஒருவர் கேட்டிருந்தார்: "கதவு ஒரிஜினல் பெயிண்ட்டா?"

கதவு ஒரிஜினல்தான் என்று பதில் எழுதினேன். நல்லவேளை, படம் ஒரிஜினலா என்று அவர் கேட்கவில்லை.