கணக்கில் வராத வாசகன்

2019 மார்ச் 3. மின்நூல் கருவி: 8,999.
2019 மார்ச் 9. அதற்கு உறை: 450.
2022 ஆகஸ்ட் 21. புது பேட்டரி: 1,200.
2024 ஜனவரி 1. இணையக் கட்டுரைகளைச் சேகரித்துக் கருவிக்கு அனுப்பும் சேவை, ஆண்டுச் சந்தா: 600.

படிப்பதற்காக என் தம்பி செலவழித்தது இவ்வளவுதான். அவன் லிஃப்ட் மெக்கானிக். மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைகளில்தான் அவன் பொழுது போகும். அங்கே சிக்னல் கிடைக்காது. போன் திரையைப் பார்த்தாலோ கண்ணில் நீர் கொட்டும்; கருவியின் திரை காகிதம் மாதிரி, கண்ணை உறுத்தாது. அவன் மகள் ஒரு செய்தித் தளத்தில் வாடகைக் குடித்தனங்களைப் பற்றி வாரந்தோறும் தொடர் எழுதிவந்தாள். வீட்டில் இருக்கும்போதே அது தானாகக் கருவிக்கு வந்து சேர ஏற்பாடு செய்திருந்தான். மதியம் சாப்பிட்டுக் கை கழுவி, கிரீஸ் படாமல் சுண்டுவிரலால் பக்கம் தள்ளிப் படிப்பான். மகளிடம் மட்டும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

செப்டம்பரில் அவள் வந்திருந்தாள். முகம் வாடியிருந்தது.

"யாருமே படிக்கலையாம் பெரியப்பா. இப்படியே போனா தொடரை நிறுத்திடுவாங்களாம்."

"நான் படிக்கிறேனே!" என்றான் தம்பி. "நாலாவது மாடிக் கிழவி தண்ணிக்குச் சண்டை போட்டது வரைக்கும் சொல்லட்டா?"

அவள் திகைத்துப்போனாள். "எதுலப்பா படிக்கிறீங்க?"

கருவியைக் காட்டினான். அவள் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "தளத்துக்குள்ள வந்து திறந்தாதான்பா கணக்கு. இதுல படிச்சா நீங்க ஆளே இல்ல."

"அப்ப இத்தனை நாளா நான் என்ன, பேயா?"

"பேய்கூட ஒரு தடவை தொறந்து பார்த்திருக்கும், போடா" என்றேன்.

அதன் பிறகு அவன் போனிலேயே படித்தான். வேலை முடிந்து வந்து, ஈரத்துணியால் கண்ணை ஒற்றி ஒற்றி, கடைசி வரி வரை. கூட வேலை பார்ப்பவர்களையும் நச்சரித்தான். "தொறந்தா போதுமாண்ணே, படிக்கவும் செய்யணுமா?" என்று கேட்டார்களாம். ஒரு வாரம் திறந்தார்கள், பிறகு மறந்துவிட்டார்கள்.

"விடுடா, கண்ணு போயிடப் போகுது."

"ஒரு ஆளாவது கூடட்டும்ணா."

கூடியது போதவில்லை. தொடரை நிறுத்துவதாக ஆசிரியர் அவளுக்குக் கடிதம் எழுதிவிட்டார். அப்பாவின் கண்ணை நினைத்து, அவள் அதைப் போனுக்கு அனுப்பவில்லை, கருவிக்கே அனுப்பினாள். அவன் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. நின்றபடியே படித்தான். வந்த தேதி 2024 நவம்பர் 14, வியாழக்கிழமை.