குள்ளச் சைக்கிள்

எழுபதுகளின் நடுவில் நான் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. புதுப்பட்டினத்தில் ஓட்டு வீடு ஒன்றில் நானும் மனைவியும் குடியிருந்தோம். வேலைக்குப் போக ஸ்டாஃப் பஸ் உண்டு, மற்ற எல்லா இடத்துக்கும் நடைதான். அச்சரப்பாக்கம் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன குடும்பம் எங்களுடையது. மாதச் சம்பளம் என்று வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்ததே இல்லை.

அந்த முறை பொங்கல் விளையாட்டுப் போட்டிகளில் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஓர் அதிகாரியின் யோசனை அது. முதலில் உப்பங்கழியில் நீந்த வேண்டும். கரையேறியதும் சைக்கிளில் மகாபலிபுரம் போய்த் திரும்ப வேண்டும். சைக்கிளை விட்டதும் குடியிருப்பைச் சுற்றி ஓட வேண்டும். இன்றைக்கு இதை டிரையத்லான் என்கிறார்கள். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் அதற்கு 'மூணு ரேஸ்' என்று பெயர்.

எனக்கு ஆசை வந்துவிட்டது. சின்ன வயதில் மற்றவர்களின் கிணற்றில் எங்களை இறங்க விடமாட்டார்கள் என்பதால் ஏரியில் நீந்தி வளர்ந்தவன் நான். இந்தக் கரையில் குதித்தால் அந்தக் கரையில்தான் ஏறுவேன். ஓட்டமும் வரும். சைக்கிள் ஓட்டவும் தெரியும், சைக்கிள்தான் இல்லை. இரவல் கேட்கலாமென்றால், சைக்கிள் வைத்திருந்த நண்பர்கள் எல்லோரும் தாங்களே பெயர் கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி எனக்கு அத்தை மகள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"ரேஸு ஒரு நாளு. மீதி நாளெல்லாம் அந்த சைக்கிள வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

"மார்க்கெட்டுக்குப் போவேன். உன்னைப் பின்னால உட்கார வெச்சிக்கினு சினிமாவுக்குப் போவேன்."

"அப்ப அதுக்குத் தோதா ஒண்ணு பாக்கலாம். நானும் வரேன்" என்றாள்.

கையிலிருந்தது தீபாவளிச் சீட்டில் மிச்சம் பிடித்த பணம் மட்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினோம். அங்கே பெரிய கடையில் புதுச் சைக்கிள்கள் வரிசையாகப் பளபளத்தன. உயரமான கறுப்பு வண்டி, செயினை மூடிய பெட்டி, டைனமோ விளக்கு. மாதத் தவணையில் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் அதன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பின் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"அம்மாடி, இன்னா கனம் கனக்குது! இத்த மெரிச்சிகினு காத்துல நீ மாபலிபுரம் போவியா?"

தவணை இரண்டு வருடம் ஓடும் என்று கேட்டதும் நானே வெளியே வந்துவிட்டேன்.

அடுத்ததாக, குவார்ட்டர்ஸில் ஓர் இன்ஜினீயர் தன் ரேஸ் சைக்கிளை விற்கிறார் என்று தகவல் வந்தது. இருவருமாகப் போய்ப் பார்த்தோம். வளைந்த கொம்பு மாதிரி ஹேண்டில்பார், விரல் கனத்தில் டயர், கியர்கூட உண்டு. ஒரே விரலால் தூக்கலாம் போலிருந்தது. விலையும் அதிகமில்லை. ஏறிக் குனிந்ததும் நான் வேறு ஆளாகிவிட்ட மாதிரி ஒரு நினைப்பு. குவார்ட்டர்ஸ் தார்ச்சாலையில் அது பறந்தது. வெளியே வந்து மணல் படிந்த இடத்தில் திரும்பியபோது முன் சக்கரம் புதைந்து, நான் ஹேண்டில்பாருக்கு மேலாக விழுந்தேன். முழங்கையில் ரத்தம். சைக்கிளுக்கு எதுவும் ஆகவில்லை.

இன்ஜினீயர் நல்ல மனிதர். டிஞ்சர் கொண்டுவந்து தடவினார். "இந்த டயர் இங்கே எங்க கிடைக்கும் சார்?" என்று கேட்டேன். "மெட்ராஸ்லயே தேடணும்" என்று ஒளிக்காமல் சொன்னார்.

திரும்பி வரும்போது, "முள்ளு குத்திச்சின்னா மூர் மார்க்கெட்டுக்கு ஓடுவியா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் வந்தது.

அதற்குப் பிறகுதான் வாடகைச் சைக்கிள் கடை ஞாபகத்துக்கு வந்தது. புதுப்பட்டினம் கடைத்தெருவில் ஒரு பாய் வைத்திருந்தார். பழைய வண்டிகளை அவ்வப்போது விற்பதும் உண்டு. வாங்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேலை முடிந்ததும் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி மகாபலிபுரம் சாலையில் மணமை கிராமம் வரைக்கும் போய் வருவேன். ஒன்றில் பெடல் கோணல், இன்னொன்றில் பிரேக் பிடித்தால் வண்டி அலறும். எதை ஓட்டினாலும் இரவில் இடுப்பு கழன்றுவிடும் போல வலித்தது. பழக்கமில்லாத உடம்பு, போகப் போகச் சரியாகும் என்று நினைத்தேன்.

ஒருநாள் மாலை உப்பு வாங்க வந்த மனைவி, கடைத்தெருவில் நான் ஓட்டிப்போவதைப் பின்னாலிருந்து பார்த்திருக்கிறாள். பாய் கடை வாசலில் காத்திருந்தாள்.

"மாமா, நீ சைக்கிளு ஓட்டல. சீட்டு மேல டான்ஸ் ஆடிகினு கீற."

"இன்னாடி சொல்ற?"

"ஒவ்வொரு மெரிக்கும் இடுப்பு இந்தாண்டயும் அந்தாண்டயும் போவுது. ஒனக்குக் காலு எட்டல."

பாய் சிரித்தார். "தங்கச்சி சொல்றது கரெக்டு. நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன் தம்பி. நீ இன்னா நெனச்சிக்குவியோன்னு வுட்டுட்டேன்."

அவர் உள்ளே போய் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மற்றவற்றைவிட ஒரு பிடி தாழ்வான ஃபிரேம். பெரியவர்கள் யாரும் எடுக்க மாட்டார்களாம், ஸ்கூல் பசங்கள்தான் எடுப்பார்களாம். பச்சை பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது. ஏறுவதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது. கடைத்தெருவில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஏறி உட்கார்ந்து மிதித்ததும் இரண்டு காலும் பெடலோடு கீழே வரைக்கும் போய் வந்தன. அன்றைக்கு மணமையைத் தாண்டி வெகுதூரம் போனேன். இரவில் இடுப்பு வலிக்கவில்லை. மறுநாளே பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டோம். பாய் புது டயர் இரண்டு போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டுத் தந்தார்.

போட்டியன்று காலையில் அதை வரிசையில் நிறுத்தியபோது, என் ஷிஃப்ட் நண்பன் ஒருவன் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னா மச்சான், எந்தப் பையன் சைக்கிளத் தள்ளிகினு வந்துட்ட?"

உப்பங்கழி ஏரி மாதிரி இல்லை. வாயெல்லாம் உப்பு, கண் எரிந்தது, கடல் ஓதம் பக்கவாட்டில் இழுத்தது. ஆனால் கரையேறிப் பார்த்தபோது எனக்கு முன்னால் யாருமே இல்லை. எல்லாச் சைக்கிளும் அப்படியே நின்றிருந்தன. எனக்குப் பயமாகிவிட்டது. முதல் ஆளாக எதிலும் இருந்து பழக்கமில்லை. ஈரப் பனியனோடு ஏறி மிதித்தேன்.

மணமை வரும் முன்பே அந்த ரேஸ் சைக்கிள் என்னைக் கடந்து போனது. அதை வாங்கியிருந்தவர் ஓர் இளம் அதிகாரி. இன்னும் நாலைந்து பேர் தாண்டினார்கள். வடக்கிலிருந்து வாடைக்காற்று முகத்தில் அடித்தது. உயரமான வண்டிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தக் காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கினார்கள். நான் ஹேண்டில்பார்மேல் படுத்துக்கொண்டேன். என்னைத் தாண்டியவர்களில் இரண்டு பேரைத் திரும்பப் பிடித்தேன்.

மகாபலிபுரத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் என் மனைவி நின்றிருந்தாள். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டிருக்கிறாள். ஊரே பார்க்கிறது என்ற நினைப்பில்லாமல், "மாமா! நிமிராத! குனிஞ்சே மெரி!" என்று கத்தினாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டு வண்டியைத் திருப்பினேன்.

திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளியது. சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியதும்தான் சோதனை. கால்கள் யாருடையவோ மாதிரி இருந்தன. ஓடச் சொன்னால் மிதிக்கப் பார்த்தன. இரண்டு முறை தடுமாறினேன். நீச்சலில் நான் விட்டுவந்த ஆட்கள் ஒவ்வொருவராக என்னைக் கடந்தார்கள். ஏழாவதாக முடித்தேன். பரிசு கிடையாது. சிரித்த நண்பன் எனக்குப் பின்னால் வந்து புல்லில் சாய்ந்து, "உன் குட்டிச் சைக்கிள ஒரு ரவுண்டு குடுடா" என்றான்.

மறுநாள் என்னால் படி ஏற முடியவில்லை. சைக்கிள் வாசலில் சும்மா நின்றது. மனைவி அதைத் துடைத்தாள். சீட்டுக்குப் பக்கத்தில் நின்று தன் இடுப்போடு உயரம் பார்த்தாள்.

"எனக்கும் எட்டும்போல கீதே, மாமா."

தோப்புக்கு நடுவே இருந்த பாதையில் சாயங்காலங்களில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். முள்வேலியில் விழுந்தாள், புடவை கிழிந்தது. தெருப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "கையை எடு, நீ புடிச்சா எனக்கு பேஜாராகீது" என்று ஒருநாள் கத்தினாள். எடுத்தேன். தோப்பு முடியும் வரை போனாள். திரும்பத் தெரியாததால் இறங்கி, தள்ளிக்கொண்டு வந்தாள்.

சித்திரையில், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பஸ் போகாத இடம், நடந்தால் நேரத்துக்குப் போக முடியாது. சைக்கிளை அவள் எடுத்துக்கொண்டாள். போட்டி நடத்திய அதிகாரிக்கு மாற்றலாகி, அடுத்த பொங்கலுக்கு மூணு ரேஸ் நடக்கவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி, சாப்பாட்டுத் தூக்கோடு நடந்துகொண்டிருந்தேன். பின்னால் மணி அடித்தது. ஒதுங்கினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் கடந்து போனாள்.

"ஏய், நில்லு, நானும் வரேன்!"

"ஒலை வெக்கணும். நீ மெதுவா நடந்து வா மாமா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு மிதித்தாள்.