அடுப்படியில் ஸ்வெட்டர்

அந்த பேக்கரியின் பின்கட்டில் அடுப்பு எரியும்போது நின்று பாருங்கள், ஐந்தே நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில், அதுவும் கோடையில், மாவு பிசைகிற அக்கா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? "அக்காவை ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்துட்டு வந்தாங்களா?" என்றாள் ரொட்டிக்குப் பாக்கெட் போடுகிற பெண். அக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரிப்பு உதட்டோடு சரி.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். மருந்து, கதிர்வீச்சு, முடி கொட்டியது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தவள். ஐந்து வருடம் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போனாள். பிறகு அந்த ஃபைலைப் பீரோ மேல் தூக்கிப் போட்டாள். அதன் முகத்திலேயே இனி விழிப்பதில்லை என்று இருந்துவிட்டாள். இப்போது நாலு மாதமாகக் குளிர், அசதி, தூங்கி எழுந்தாலும் தூக்கம். பழையது திரும்பிவிட்டது என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். கடை வேனை ஓட்டுகிற கணவரிடம் மூச்சு விடவில்லை. மனுஷன் ஒரு தடவை பட்டது போதாதா?

காட்டிக்கொடுத்தது ரொட்டி மாவுதான். குளிர்நாளில் மாவு மெதுவாகத்தான் பொங்கும். ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, அடுப்புப் பக்கம் நகர்த்தி, கூடுதல் நேரம் விடவேண்டும். சுவரில் தொங்கும் தெர்மாமீட்டரை அவள் என்றைக்கும் மதித்ததில்லை. குளிரா வெயிலா என்று உடம்பைத்தான் கேட்பாள். அன்றும் உடம்பு குளிர் என்றது. ஜன்னல்களைச் சாத்தினாள், ஈஸ்ட்டைக் கூட்டினாள், காத்திருந்தாள். மாவு தொட்டியை மீறி வழிந்து தரைக்கு இறங்கியது. மிச்சத்தைச் சுட்டதில் ரொட்டிகள் நடுவில் குழி விழுந்து புளித்து நாறின.

கணவர் வாசலில் நின்று தரையைப் பார்த்தார், சாத்திய ஜன்னலைப் பார்த்தார்.

"இந்த வெயில்ல குளிர்காலக் கணக்கா போட்டே?"

"எனக்குக் குளிருதுங்க" என்றாள். அவ்வளவுதான், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "அது திரும்ப வந்துடுச்சு போல இருக்கு."

அவர் வீட்டுக்குப் போனதும் நாற்காலி போட்டு ஏறி ஃபைலை இறக்கித் தூசி தட்டினார்.

மறுநாள் டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டினார். "கழுத்துல கதிர்வீச்சு கொடுத்திருக்காங்களே. இதை ஏம்மா இத்தனை வருஷம் எந்த டாக்டர்கிட்டயும் சொல்லலை?" கழுத்தை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். முடிவு வர நாலு நாள் ஆனது.

"பழையது வரலைம்மா" என்றார் டாக்டரம்மா, அவர்கள் உட்காருவதற்குள்ளேயே. "தைராய்டு மந்தமாயிடுச்சு, அதான் இந்தக் குளிரும் அசதியும். அந்தக் கதிர்வீச்சு பட்டவங்களுக்குப் பல வருஷம் கழிச்சுக்கூட இப்படி ஆகலாம். காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை, ஆயுசுக்கும். அந்தச் சிகிச்சை இதயத்தையும் பாதிக்கலாம், அதையும் அப்பப்போ பார்த்துக்கணும். ஃபைலைத் திரும்பப் பீரோ மேல ஏத்திடாதீங்க."

அப்பாடா! வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கு நிம்மதியோடு கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு மாத்திரைக்காகவா நாலு மாசமா செத்துச் செத்துப் பிழைச்சேன்?"

"என்கிட்ட வாயைத் திறந்திருந்தா அந்த நாலு மாசமும் மிச்சம்" என்றார் கணவர். அவருக்கும் கோபம் இருக்காதா?

மாத்திரை ஒரே நாளில் மாயம் செய்துவிடவில்லை. இரண்டு மாதம் போனது. ஒரு காலை, அவர் தட்டுகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஸ்வெட்டர் பறந்து வந்து மாவு மூட்டை மேல் விழுந்தது.

"என்னங்க இது, மனுஷி நிக்க முடியுதா இங்க? ஒரே புழுக்கம்! அந்த ஜன்னலைத் திறந்து விடுங்களேன்!"

அவர் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன சொன்னே?"

"புழுங்குதுன்னு சொன்னேன். காது கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றார் அவர். "இன்னொரு தடவை சொல்லு."