பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்த பாடம்

நேற்று சந்தையில் ஒரு தட்டுமுட்டுக் கடை. கூடை நிறைய ஸ்பின்னர். விரலிடுக்கில் வைத்துச் சுழற்றுவார்களே, அதுதான். ஒன்றை எடுத்துச் சுண்டினேன். "இப்ப யாரும் வாங்கறதில்ல லா அக்கா" என்றார் கடைக்காரர். எனக்கோ தையல் மிஷின் எண்ணெய் வாசனை அடித்தது. சிரிக்காமல் கேளுங்கள், சொல்கிறேன்.

சுங்கை பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதட்டலில் மட்டும் முப்பது வருஷ அனுபவம். அந்த வருஷம் ஸ்பின்னர் இல்லாத பிள்ளையே கிடையாது. தலைமையாசிரியை தடை போட்டார். பிடுங்கியதெல்லாம் என் மேசையில் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்ந்தது.

அன்று உராய்வுப் பாடம். பலகையில் படம் வரைந்து வரைந்து தொண்டை வறண்டதுதான் மிச்சம். பொறுக்க முடியாமல் டின்னைத் திறந்தேன். ஒன்றுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய். இன்னொன்றுக்குள் கேன்டீன் அக்காவிடம் வாங்கிய கோதுமை மாவு. எது முதலில் நிற்கும்? வகுப்பே எண்ண ஆரம்பித்தது. அடேயப்பா, என்ன சத்தம்!

அதைக் கேட்டுத்தான் கதவு திறந்தது. கல்வி இலாகா அதிகாரி. பின்னால் தலைமையாசிரியை, முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. தொலைந்தது வேலை என்று நினைத்தேன். போதாததற்கு, பாடத்திட்டப் புத்தகத்தில் பயிற்றுத்துணைப் பொருள் என்ற இடத்தில் 'பட அட்டை' என்று எழுதியிருந்தேன். எந்தப் பாடமானாலும் எல்லாரும் அதைத்தான் எழுதுவோம்.

"மேசையில இருக்கிறது பட அட்டையா டீச்சர்?" என்றார் அதிகாரி, அந்தப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு.

மெல்ல டின்னை மூடப் போனேன். கவிதா எழுந்தாள். கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை. "மாவு உள்ள போய் உரசுது சார். அதான் சீக்கிரம் நின்னுடுச்சு. எண்ணெ போட்டா வழுக்கிக்கிட்டு ஓடும்."

அதிகாரி பேனாவை நீட்டினார். "அட்டைய அடிச்சிட்டு உள்ளத எழுதுங்க."

எழுதினேன்: பறிமுதல் செய்த ஸ்பின்னர், தையல் மிஷின் எண்ணெய், கோதுமை மாவு. கீழே தலைமையாசிரியையே கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரமான கடிதத்தை எங்கே வைத்தேனோ தெரியாது. அந்தப் பக்கத்தின் நகல் பத்திரமாக இருக்கிறது. பெருமைதான், அதில் என்ன வெட்கம்?

அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் வாடகை கட்டுப்படியாகாமல் தொலைவில் சிம்பாங் அம்பாட் பக்கம் போய்விட்டன. புதிதாகச் சேரவும் ஆளில்லை. அந்த அறையில் இப்போது உடைந்த நாற்காலிகள்தான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கதவருகே சற்று நிற்கிறேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஒரு காலத்தில் அங்கே அவ்வளவு சத்தம் போட வைத்தவள் நான்.