ஒரு சாண் உயர்ந்த வலை

கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்த முதல் வருடம், அவர் ஒரு செட்கூட ஜெயிக்கவில்லை. மறுவருடம் வீம்போடு புது வலையைத் தானே இழுத்துக் கட்டினார்.

பெண்கள் எகிறி எகிறிக் களைத்துப்போய், "இது வலையா, மதில்சுவரா மேடம்?" என்று புலம்பினார்கள்.

"வாயக் குறைங்க, இன்னும் எகிறுங்க!" என்று எரிந்து விழுந்தார்.

போட்டி மைதானத்தில் வலை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. கல்லூரியில் ஆண்களுக்கான உயரத்தில் கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று பந்து இடியாக இறங்கியது. கோப்பை கைக்கு வந்தது. அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை, வலையையும் இறக்கவில்லை.

பதினெட்டுக் கோப்பைகளுக்குப் பிறகு, பணி ஓய்வு விழாவில், முதல் கோப்பையை வென்ற அணியின் கேப்டனிடம் தப்பை ஒப்புக்கொண்டார்.

அவள் சிரித்தாள். "முதல் வாரமே டேப் வச்சு அளந்துட்டோம் மேடம். சொன்னா இறக்கிடுவீங்கன்னுதான் புலம்பலோட நிறுத்திக்கிட்டோம்."